கல்லும் கடதாசியும்



யப்பான் நாட்டின் நடுப்பகுதியிலே கிஃபு என்றொரு நகரம் உண்டு. அந்நகரை ஒட்டி நகரா என்னும் ஆறு ஓடுகின்றது. அவ்வாற்றிலே கோடைகால இரவுகளில் நடைபெறும் மீன்பிடி நூற்றாண்டுகள் பலவற்றின் பழமை வாய்ந்தது. ஓடத்தின் முனையிலே தொங்கும் இரும்புக் கூடையில் விறகுத் தீ கொழுந்துவிட்டு எரியும். அவ்வொளியிலே தென்படும் மீன்களைப் பழக்கப்பட்ட நீர்க்காகங்கள் மூழ்கிப் பிடித்துவரும். பறவையின் கழுத்தைச் சுற்றிக் கட்டப்பட்ட கயிறு பெரிய மீனை விழுங்கவிடாது தடுக்க, மீனவன் அதனை எடுத்துக்கொள்வான். இக்காட்சியைக் காண வருவோர், கடதாசி விளக்குகள் கட்டிய ஓடங்களில் அமர்ந்து வேடிக்கை பார்ப்பர்.

1951ஆம் ஆண்டிலே, ஹிரோஷிமா நகருக்குச் செல்லும் வழியில், அமெரிக்கச் சிற்பி ஒருவர் இந்த மீன்பிடியைக் காண்பதற்காகக் கிஃபுவில் தங்கினார். அவர் பெயர் இசாமு நொகுச்சி. அந்நகரின் கடதாசி விளக்குத் தொழில் அப்போது நலிந்துகொண்டிருந்தது. மெழுகுவர்த்தியின் காலம் போய் மின்குமிழின் காலம் வந்துவிட்டது. பழைய விளக்குகளை விரும்பி வாங்குவோர் அருகிவிட்டனர். எனவே, இத்தொழிலுக்கு ஒரு புதுவழி காட்டமாட்டீரோ என்று நகர முதல்வர் அவரைக் கேட்டுக்கொண்டார்.

கல்லையும் உலோகத்தையும் கையாண்டு பெயர்பெற்ற ஒரு சிற்பியிடம், கடதாசி விளக்குக்கு வடிவம் தரும்படி கேட்பது பொருந்துமா? விளக்கும் மேசையும் கைவினைஞர்க்கு உரியன, சிற்பம் கலைஞர்க்கு உரியது என்று பிரித்துவைக்கும் வழக்கம் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. நொகுச்சியோ அவ்வேண்டுகோளை மனமுவந்து ஏற்றார். அன்று தொடங்கிய விளக்கு வேலையை அவர் தம் வாழ்நாளின் இறுதிவரை கைவிடவில்லை. அவர் ஏன் அவ்வாறு ஏற்றார் என்பதை அறிய வேண்டுமாயின், அவருடைய வாழ்க்கை வரலாற்றை நாம் சற்றுத் திரும்பிப் பார்த்தல் வேண்டும்.

இசாமு நொகுச்சி 1904ஆம் ஆண்டு நவம்பர் 17ஆம் திகதி அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலே பிறந்தார். தந்தையார் யோனே நொகுச்சி, ஆங்கிலத்திலும் யப்பானிய மொழியிலும் பாடிய கவிஞர். தாயார் லெயோனி கில்மோர், அமெரிக்கப் பெண்மணி. கவிஞரின் ஆங்கில எழுத்துக்களைச் செப்பம் செய்து உதவியவர். மகன் பிறக்குமுன்பே தந்தை யப்பானுக்குத் திரும்பிவிட்டார். 1907இல் தாயும் மகனும் அவரைத் தேடி யப்பானுக்குச் சென்றனர். எனினும் அங்கு ஒரு குடும்பமாக வாழும் பேறு அவர்களுக்குக் கிட்டவில்லை. தாய் ஆசிரியப்பணி செய்து மகனைத் தனித்தே வளர்த்தார்.

சிகசாக்கி என்னும் கடற்கரையூரிலே அத்தாய் ஒரு சிறு வீடு கட்டத் தொடங்கியபோது, சிறுவனான மகனையும் அவ்வேலையில் ஈடுபடுத்தினார். யப்பானியத் தச்சரிடம் உளியையும் வாளையும் பிடிக்கப் பழகிய அப்பிள்ளை, ஆணியின்றி மரத்தோடு மரத்தைப் பொருத்தும் நுட்பத்தை அங்கேதான் முதன்முதல் கண்டது. இதனை நேயர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறேன். பின்னர் இதற்கே நாம் திரும்பி வருவோம்.

1918ஆம் ஆண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளையைத் தாய் தனியே கப்பலேற்றி அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்துப் பள்ளியொன்றுக்கு அனுப்பினார். யப்பானில் அவன் வெள்ளைக்காரியின் மகன்; அமெரிக்காவில் யப்பானியனின் மகன். இரு நாடுகளுக்கும் உரியவனாகப் பிறந்தும் இரண்டிலும் அந்நியனாகவே அவன் வளர்ந்தான்.

பள்ளிப் படிப்பு முடிந்ததும், பிற்காலத்தில் ரஷ்மோர் மலையிலே அமெரிக்க சனாதிபதிகளின் முகங்களைச் செதுக்கிப் புகழ்பெற்ற கட்சன் போர்க்லம் என்பவரிடம் நொகுச்சி சிலகாலம் தொழில் பயின்றார். நீ ஒருபோதும் சிற்பியாகமாட்டாய் என்று அவர் கூறிவிட்டாராம். மனமுடைந்த இளைஞர் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்கத் தொடங்கினார். ஆயினும் தாயின் தூண்டுதலால் 1924இல் நியூயோர்க்கிலே ஒரு மாலைநேரக் கலைப் பள்ளியிற் சேர்ந்தார். சில மாதங்களில் மருத்துவத்தைத் துறந்து சிற்பத்தையே வாழ்வாக்கிக்கொண்டார்.

1927இல் குகன்ஹைம் அறநிதியத்தின் உதவித்தொகை பெற்றுப் பாரிஸ் சென்றபோது, அவருக்கு வாய்த்த ஆசான் கொன்ஸ்ரன்ரின் பிரான்கூசி. ருமேனிய நாட்டுக் குடியானவர் குடும்பத்திலே பிறந்த அம்மேதை, தம் வேலைத்தலத்துக்கு வேண்டிய மேசையையும் இருக்கையையும் அடுப்பையும் தாமே வெட்டியும் செதுக்கியும் அமைத்துக்கொண்டவர். ஆசானுக்கு ஆங்கிலம் தெரியாது. மாணாக்கருக்குப் பிரெஞ்சு மொழி தெரியாது. கல்லை அறுப்பதையும், உளியைத் தீட்டுவதையும், கருவியை உரிய இடத்திலே திரும்ப வைப்பதையும் கண்ணாற் கண்டே மாணாக்கர் கற்றார். கல்லுக்குக் கல்லின் இயல்பு உண்டு, மரத்துக்கு மரத்தின் இயல்பு உண்டு. அவ்வியல்பை மீறாது வடிவம் காணவேண்டும் என்ற பாடம் அவர் மனத்திலே ஆழப் பதிந்தது.

பின்னர் அவர் கிழக்கு நோக்கிப் புறப்பட்டார். யப்பானுக்கு வரவிருந்த மகனுக்குத் தந்தை எழுதிய கடிதமோ, நொகுச்சி என்ற பெயரோடு வரவேண்டாம் என்று தடுத்தது. மகன் முதலிற் சீனா சென்று, பீக்கிங் நகரிலே சீ பைஷி என்னும் ஓவிய மேதையிடம் தூரிகை வேலை பயின்றார். 1931இல் யப்பானை அடைந்து, கியோத்தோ நகரிலே குயவர் ஒருவரின் சூளையருகே களிமண்ணில் வேலை செய்தார்.

1933ஆம் ஆண்டளவில் நியூயோர்க்கில் அவர் ஒரு விளையாட்டு மலையைக் கற்பனை செய்தார். நகரத்திலே ஒரு முழு நிலத்துண்டையும் படிகளும் சரிவுகளும் கொண்ட மலையாக்கிச் சிறுவர்க்கு விட்டுவிட வேண்டும் என்பது அவர் எண்ணம். நகரப் பூங்காக்களின் அதிகாரத் தலைமை அதனை எள்ளி நகையாடி ஒதுக்கியது. இந்த மலையையும் நேயர்கள் மறவாதிருப்பார்களாக.

1937இல் அவர் கைக்கு வந்த வேலையொன்று வானொலி நேயர்களாகிய நமக்குச் சிறப்பாகச் சுவை தருவது. விமானி லிண்ட்பேர்க்கின் குழந்தை 1932இல் கடத்திக் கொல்லப்பட்டதன் பின்னர், அமெரிக்கப் பெற்றோரைப் பேரச்சம் பற்றியிருந்தது. அயலறையில் உறங்கும் குழந்தையின் குரலைப் பெற்றோரின் அறைக்குக் கொண்டுவரும் கருவியொன்றை செனித் வானொலி நிறுவனம் ஆக்கியது. அதன் ஒலிபெருக்கிப் பகுதிக்கு நொகுச்சி வடிவம் கொடுத்தார். பேக்லைட் என்னும் செயற்கைப் பொருளாலான அது, யப்பானிய வாட்போர் வீரரின் முகக்கவசத்தை ஒத்தது. வானொலித் தாதி என்ற பெயரோடு விற்பனைக்கு வந்த அக்கருவி, கூடத்தில் வைத்துப் பார்க்கும் சிற்பமன்று. இரவெல்லாம் கட்டிலருகே விழித்திருக்கும் ஒரு காவற்காரி.

1941 டிசம்பரில் பேர்ள் துறைமுகம் தாக்கப்பட்டது. அமெரிக்காவின் மேற்குக் கரையில் வாழ்ந்த யப்பானிய வழியினர் ஏறத்தாழ 120,000 பேர், அவர்களுட் பெரும்பாலோர் அமெரிக்கப் பிரசைகளாக இருந்தும், 1942இல் வீடு வாசல்களை இழந்து தடுப்பு முகாம்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். நியூயோர்க் வாசியான நொகுச்சியை அவ்வாணை கட்டுப்படுத்தவில்லை. அவர் தாமாகவே அரிசோனாப் பாலைநிலத்திலிருந்த போஸ்ரன் முகாமுக்குச் சென்றார். அங்கு வாடுவோருக்குப் பூங்காவும் விளையாட்டிடமும் அமைத்து, அம்முகாமை மனிதர் வாழத்தக்க இடமாக்கலாம் என்று நம்பித் திட்டங்கள் வரைந்தார்.

அத்திட்டங்களுள் எதுவும் நிறைவேறவில்லை. முகாம் அதிகாரிகளுக்கு அவர் ஐயத்துக்குரிய யப்பானியர். முகாம்வாசிகளுக்கோ அதிகாரிகளின் ஆள். தாமாக விரும்பி உள்ளே சென்றவர் வெளியேற விரும்பியபோது வழி திறக்கவில்லை. சுமார் ஏழு மாதங்களின் பின், நவம்பரில் தற்காலிக விடுப்புப் பெற்று வெளியேறியவர் மீண்டும் அங்கு திரும்பவேயில்லை. பயன்படும் கலையைக் கையிலேந்தித் தம் மக்களை நாடிச் சென்ற மனிதரை இரு தரப்பாரும் ஏற்காது விட்டனர். அவர் வாழ்வின் பெருந்துயரம் இதுவென்றே கூறலாம்.

அம்முகாமில் இருந்த நாளிலே அவர் மற்றொன்றையும் கண்டார். முன்னர் தாம் ஒருவருக்குச் செய்துகொடுத்த மேசை மாதிரியுருவின் சாயலில் அமைந்த மேசையொன்று, அவர் பெயரின்றி விளம்பரமாக வெளிவந்திருந்தது. வெளியே வந்து கேட்டபோது, முக்காலி மேசையை எவரும் செய்யலாமே என்ற பொருள்படப் பதில் கிடைத்ததாக நொகுச்சி பிற்காலத்தில் எழுதினார். அதற்கு அவர் தந்த மறுமொழி வாயால் அமைந்ததன்று. ஒரே வடிவிலான இரு மரத் துண்டுகளை, ஒன்றைத் தலைகீழாகத் திருப்பி மற்றதன்மீது பொருத்தி, அவற்றின்மேல் வளைந்த ஓரங்களையுடைய தடித்த கண்ணாடியை வைத்தார். ஹேர்மன் மில்லர் நிறுவனம் 1947இல் இம்மேசையை வெளியிட்டது. ஆற்றுநீர் தேய்த்த கூழாங்கல்லையும் முற்றிய எலும்பையும் ஒருங்கே நினைவூட்டும் அவ்வடிவம், இன்றும் உலகெங்கும் விற்பனையாகி வருகின்றது.

இங்கே ஒரு செய்தி கவனிக்கத்தக்கது. அதே காலத்தில், கட்டடங்களின் முகப்பிலே பதிப்பதற்காக அறுத்த பளிங்குப் பலகைகளை வாங்கி, அவற்றை வெட்டி, காடியிலே காடியைக் கோத்து, பசையோ ஆணியோ இன்றி நிற்கும் சிற்பங்களை அவர் ஆக்கினார். 1945இல் நிறைவெய்திய கூரோஸ் என்னும் உயர்ந்த உருவம் இன்று நியூயோர்க்கின் மெற்றொபொலிட்டன் அரும்பொருளகத்தில் நிற்கின்றது. அரும்பொருளகத்துச் சிற்பமும் வரவேற்பறை மேசையும் ஒரே சிந்தனையிற் பிறந்தவை. பாரத்தைப் பாரமே தாங்குமாறு பொருத்தும் அக்கலை, சிகசாக்கித் தச்சரிடம் சிறுவன் கண்ட கலையன்றோ?

போர் முடிந்தபின், 1949இல் போலிங்கன் அறநிதியத்தின் உதவியோடு நொகுச்சி நீண்ட உலகப் பயணமொன்றை மேற்கொண்டார். மனிதர் ஓய்ந்திருக்கும் இடங்களையும் வழிபடும் இடங்களையும் கூடும் இடங்களையும் ஆராய்வதே அதன் நோக்கம். இந்தியாவிலே, பதினெட்டாம் நூற்றாண்டில் இரண்டாம் ஜெய்சிங் மன்னர் கட்டுவித்த ஜந்தர் மந்தர் வானாய்வு நிலையங்கள் அவரைப் பெரிதும் கவர்ந்தன. வானை நோக்கி ஏறும் கற்படிகளும், நிழலை அளக்கும் வளைந்த சுவர்களும் கணிதக் கருவிகள். எனினும் அவற்றைச் சிற்பமென்று கூறாதிருக்க யாரால் இயலும்?

1950இல் யப்பானை அடைந்தபோது தந்தை உயிரோடில்லை. 1947இல் அவர் காலமாகிவிட்டார். தந்தை ஆசிரியராயிருந்த கெய்யோப் பல்கலைக்கழகத்திலே அவர் நினைவாக ஓர் அறையையும் தோட்டத்தையும் அமைக்கும் வாய்ப்பு மகனுக்குக் கிட்டியது. தம் பெயரைத் தாங்கி வரவேண்டாம் என்று எழுதிய தந்தைக்கு, மாணவர் அமர்ந்து உரையாடத்தக்க ஓர் இடத்தை மகன் காணிக்கையாக்கினார்.

ஹிரோஷிமாவிலே, கட்டடக் கலைஞர் கென்சோ தாங்கே திட்டமிட்ட சமாதானப் பூங்காவை அணுகும் இரு பாலங்களின் கைபிடிச் சுவர்களுக்கு அவர் வடிவம் தந்தார். ஒன்றின் முனையிலே உதிக்கும் கதிரவனை நினைவூட்டும் அரைக்கோளம். மற்றதன் முனையிலே பிரிந்து செல்லும் ஓடத்தின் சாயல். ஒன்று வாழ்வையும் மற்றது இறப்பையும் குறித்தது. 1952இல் நிறைவெய்திய அப்பாலங்களை இன்றும் மக்கள் கடந்து செல்கின்றனர். அணுகுண்டுக்கு இரையானோரின் நினைவுச்சின்னத்துக்கும் அவர் ஒரு வடிவம் வரைந்தார். ஆனால் குண்டை வீசிய நாட்டின் பிரசை என்ற காரணத்தால் அது தள்ளப்பட்டது. அமெரிக்காவில் யப்பானியர் என்று ஐயுறப்பட்டவர், யப்பானில் அமெரிக்கர் என்று விலக்கப்பட்டார்.

நேயர்களே, இத்தகைய காலத்திலேதான் கிஃபு நகரின் வேண்டுகோள் அவர் காதில் விழுந்தது.

கிஃபு விளக்கு செய்யும் முறை எளிமையும் நுட்பமும் வாய்ந்தது. பிறைவடிவ மரத் துண்டுகளைக் கூட்டி முதலில் ஓர் அச்சு அமைப்பர். அவற்றின் ஓரத்திலுள்ள கீறல்களில் மெல்லிய மூங்கிற் சிம்பைச் சுருள்சுருளாகச் சுற்றுவர். முசுக்கட்டை இனத்து மரமொன்றின் உட்பட்டை நாரிலிருந்து கையாற் செய்த கடதாசியை அதன்மேல் துண்டு துண்டாக ஒட்டுவர். பசை உலர்ந்ததும் உள்ளேயிருக்கும் அச்சைக் கழற்றி, ஒவ்வொரு துண்டாக வாய்வழியே வெளியே எடுப்பர். எஞ்சுவது மூங்கிலும் கடதாசியும் காற்றும் மாத்திரமே. அதை மடித்துத் தட்டையாக்கி ஓர் உறையிலே இட்டு உலகின் எப்பகுதிக்கும் அனுப்பலாம்.

இம்முறையை நொகுச்சி மாற்றவில்லை. பூவும் பறவையும் தீட்டிய அலங்காரத்தை நீக்கினார். மேலும் கீழும் இருந்த கனத்த வளையங்களைக் குறைத்து, உள்ளே மெல்லிய கம்பித் தாங்கியை வைத்து, மெழுகுவர்த்தியின் இடத்திலே மின்குமிழைப் பொருத்தினார். முழுநிலவு, சுரைக்காய், தூண், கூழாங்கல் எனப் பல உருவங்கள் தோன்றின. சில விளக்குகளில் மூங்கிற் சிம்பை ஒழுங்கின்றிச் சுற்றச்செய்து, இயற்கையிற் காணும் நெளிவை உண்டாக்கினார். இவற்றுக்கு அவர் இட்ட பெயர் அக்காரி. அது யப்பானிய மொழியில் ஒளியைக் குறிக்கும் சொல். அதனை எழுதும் சித்திர எழுத்திலே ஞாயிறும் திங்களும் ஒருங்கே அடங்கியுள்ளன. சொல்லிலே பாரமின்மை என்ற கருத்தும் தொனிப்பதை அவர் விரும்பினார். கடும் மின்னொளி மரப்பட்டைக் கடதாசியினூடே வடிகையில், திரையினூடே வரும் காலை வெயில்போல் இதமடைகின்றது.

நூற்றுக்கும் மேற்பட்ட அக்காரி வடிவங்களை அவர் ஆக்கினார். மலிவான போலிகள் சந்தையிற் பெருகியபோது, வழக்காடுவதைவிடப் புதிய வடிவங்களை ஆக்குவதையே விடையாகக் கொண்டார். கிஃபுவின் ஒசெக்கி நிறுவனத்தில் இன்றும் அவை கையாலேயே செய்யப்படுகின்றன. நலிந்த தொழில் ஒன்று மீண்டும் தழைத்தது. கைவினைஞர் குடும்பங்களின் திறமை மறையாது காக்கப்பட்டது. கலையுலகிலோ, விளக்குச் செய்பவர் முழுமையான சிற்பியாவாரோ என்ற முணுமுணுப்பு அவரை இறுதிவரை தொடர்ந்தது.

அவர் கல்லையும் மறந்துவிடவில்லை. 1969 முதலாக யப்பானின் ஷிகோக்குத் தீவிலுள்ள முரே என்னும் கற்கொல்லர் ஊரிலே, மசதோஷி இசுமி என்னும் இளம் கற்கலைஞரின் துணையோடு ஆண்டுதோறும் வேலை செய்தார். கடினமான கருங்கற்களில், காற்றும் மழையும் பழுப்பேற்றிய புறத்தோலை அப்படியே விட்டு, ஓரிடத்தை மாத்திரம் வெட்டித் தேய்த்து உட்கருமையைக் காட்டினார். இயற்கை பாதி செய்த வேலையைத் தாம் முழுதும் அழித்துவிடலாகாது என்ற பணிவு அவற்றிலே தெரிகின்றது.

1986இல், தமது 81ஆம் வயதில், வெனிஸ் நகரத்துப் பன்னாட்டுக் கலைக்காட்சியிலே அமெரிக்காவின் சார்பில் அவருடைய படைப்புக்கள் வைக்கப்பட்டன. சிற்பம் என்றால் என்ன என்ற வினாவையே அக்காட்சிக்கு அவர் தலைப்பாக்கினார். அங்கே அக்காரி விளக்குகளை ஏற்றினார். வெளியே வெண்பளிங்கிலான ஒரு சறுக்குமரத்தை நிறுத்தினார். படியேறிச் சென்று சுருளாகச் சறுக்கி இறங்கும் அச்சிற்பம், இந்தியாவில் அவர் கண்ட ஜந்தர் மந்தரின் நினைவிலே பிறந்தது. அதன் பெயரும் மந்திரம் என்ற சொல்லைத் தாங்கியது. பெருமைமிக்க ஒரு காட்சியிலே, சிறுவர் சறுக்கி விளையாடும் கல்லையும் மடித்துப் பையில் வைக்கத்தக்க விளக்கையும் துணிந்து முன்வைத்தமை, வாழ்நாள் முழுதும் கேட்ட முணுமுணுப்புக்கு அவர் அளித்த விடையாகும்.

இனி, 1933இல் நகைப்புக்கிடமான அந்த விளையாட்டு மலைக்கு வருவோம். 1988இல் யப்பானின் வடபகுதியிலுள்ள சப்போரோ நகரத்தார், குப்பை கொட்டும் நிலமாயிருந்த மொயெரெநுமா என்னும் இடத்தை அவருக்குக் காட்டினர். அந்நிலம் முழுவதையும் ஒரே சிற்பமாக்க அவர் திட்டம் வரைந்தார். அவ்வாண்டு டிசம்பர் 30ஆம் திகதி நியூயோர்க்கிலே அவர் காலமானார். ஆயினும் நகரத்தார் திட்டத்தைக் கைவிடவில்லை. 2005ஆம் ஆண்டு அப்பூங்கா முழுமையாகத் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 30 மீற்றர் உயரமுள்ள விளையாட்டு மலை, ஒரு புறம் கற்படிகளும் மறுபுறம் புற்சரிவுமாக அங்கே எழுந்து நிற்கின்றது.

இரு நாடுகளும் மாறிமாறி அந்நியரென்று கருதிய ஒரு மனிதர், மக்களின் அன்றாட வாழ்விலே தமக்கு ஓர் இடத்தைத் தேடினார். வீட்டுக்கு விளக்காகவும், நண்பர் கூடும் மேசையாகவும், கடந்து செல்லும் பாலமாகவும், பிள்ளைகள் ஏறும் மலையாகவும் தம் கலையை அமைத்து அவ்விடத்தைப் பெற்றார். பயன் சேர்ந்தால் கலை தாழ்ந்துவிடும் என்று கருதுவோர், கிஃபு விளக்கொன்றின் ஒளியிலே சிறிதுநேரம் அமர்ந்திருந்து பின் தம் தீர்ப்பைக் கூறுவார்களாக.